மக்ரெகர் என்ன வகையறா?

போடிநாயக்கனூர்,
செவ்வாய்க்கிழமை.

பெருமதிப்பிற்குரிய மச்சான் முத்துப்பாண்டி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சந்திரவல்லியைக் கட்டிய பால்சாமி பணிவோடும் கொஞ்சம் பயத்தோடும் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் சுகம். அங்கே நீங்களும் ஜோதி அக்காவும் சுகமாக இருக்கவேண்டும், ஏலச்செடிக்கு வேண்டிய மழை மட்டும் பெய்து, உங்கள் முழங்காலுக்கு ஆகாத மழை மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட வேண்டும் என்று கருப்பசாமியை வேண்டிக்கொள்கிறோம்.

இந்தக் காலத்தில் கடிதம் எழுதுகிறானே, இவனுக்கு என்ன ஆயிற்று என்று நினைப்பீர்கள். வேறு வழி இல்லை மச்சான். நான் போன் செய்தால் நீங்கள் எடுப்பதில்லை. சந்திரவல்லி செய்தால் எடுத்து, "டவர் இல்ல" என்று மணி அடித்த மாதிரி தெளிவான குரலில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். வாட்ஸப்பில் என்னைத் தடுத்து வைத்திருப்பதாக உங்கள் மகன் மனோஜ் சொன்னான். கடிதத்தை அப்படித் தடுக்க முடியாது. அதனால்தான் எஸ்டேட்டுக்குக் காலையில் ஆள் ஏற்றிக்கொண்டு வரும் அவனுடைய ஜீப்பிலேயே கொடுத்தனுப்புகிறேன். பிள்ளையைத் திட்டாதீர்கள். அவனுக்குக் கட்டவேண்டிய பெண்ணை வேறிடத்தில் கொடுக்கிறேனே, கோபமாக இருப்பான் என்று பயந்துகொண்டுதான் கேட்டேன். "எனக்கு ஒரு வருத்தமும் கெடையாது மாமா. தமிழினிக்கும் எனக்கும் சின்னதுலருந்தே ஆகாது. அவளக் கட்டியிருந்தா ரெண்டே நாள்ல ஜீப்ப விட்டு எறக்கிவிட்டிருப்பா. எங்கப்பாவுக்குத்தான் மனசு ஆறல" என்று சொல்லிவிட்டு கடிதத்தை வாங்கி டாஷ்போர்டில் வைத்துக்கொண்டான். உங்கள் மனசை ஆற்றத்தான் இத்தனை பக்கம்.

கிளாஸ்கோ ஊரில் ஆஸ்பத்திரி மருந்தகத்தில் வேலை பார்க்கும் நம் தமிழினி, அந்த ஊர்ப் பையன் டங்கனைக் கூட்டிக்கொண்டு வந்து நம் வீட்டில் நிறுத்திய அன்றைக்கு நீங்கள் மலையிலிருந்து இறங்கி வந்தீர்கள். காப்பி வந்தது. நீங்கள் அவரிடம் கேட்டது ஒரே கேள்விதான். "தம்பி என்ன வகையறா?" தமிழினி ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் எழுந்து நின்று, "மக்ரெகர்" என்றார். "அது பேரு. நான் கேட்டது வகையறா" என்றீர்கள். அவர் மறுபடியும், இன்னும் மரியாதையாக, "மக்ரெகர்" என்றார். நீங்கள் காப்பியைக் கீழே வைத்துவிட்டு, "ஊரு தெரியாது, சாமி தெரியாது, யாரு பங்காளி, யாரு மாமன் மச்சான்னு தெரியாது. திக்குத்தெசை இல்லாதவனுக்கா மாப்ளே பிள்ளையக் குடுப்பாக" என்று என்னைக் கேட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டீர்கள். அந்தக் காப்பியைச் சந்திரவல்லி கொட்டவும் மனசில்லாமல், குடிக்கவும் மனசில்லாமல் அப்படியே மூடி வைத்திருந்தாள். உண்மையைச் சொல்கிறேன் மச்சான், அன்றைக்கு நானும் உங்கள் கட்சிதான். வெள்ளைக்காரனுக்குப் பேர் இருக்கும், வகையறா இருக்காது என்றுதான் நானும் இத்தனை காலம் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மகள் பிடிவாதம் உங்களுக்குத் தெரியும். உங்கள் தங்கையிடமிருந்து வந்தது, உங்கள் தங்கைக்கு எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. ஆகவே சிலமலையில் நம் கருப்பசாமி கோயில் பூசாரி சோலையிடம் போய் நின்றேன். பெண்ணுக்குத் தாய்மாமன் வந்து பொங்கல் பானையை இறக்கி வைக்காமல் நம்மில் ஒரு கல்யாணம் நடந்தது கிடையாது. மாமனோ பஸ் ஏறிவிட்டார். மாப்பிள்ளைக்கோ சாமி இல்லை. சோலை வெற்றிலையை மடித்துக்கொண்டே யோசித்துச் சொன்னார்: "வழி இல்லாம இல்லண்ணே. வேத்தாளு சாமி எல்லைக்குள்ள வரணும்னா அவருக்கு ஒரு மடி வேணும். பிள்ளையோட தாய்மாமன் அந்தத் தம்பிய மடியில உக்காரவச்சு, தண்ணி வாத்து, எம்மகன்னு ஒரு வார்த்த சொல்லிட்டாருன்னா முடிஞ்சுபோச்சு. மாமன் மகன் ஆயிருவாரு. அப்பறம் அவருதான் முறை மாப்ளே. எவனும் வாயத் தொறக்க முடியாது. ஒண்ணு மட்டும், பழைய வகையறாப் பேர எல்லையிலயே விட்டுட்டு வரணும். ரெண்டு பேரச் சொமந்துக்கிட்டு உள்ள வரப்படாது." எனக்குப் பாதி உயிர் வந்தது, பாதி போனது. சொந்த மகனை ஒதுக்கி வைத்துவிட்டு, நிலைப்படியில் தலை இடிக்கிற உயரத்தில் இருக்கும் இன்னொருத்தனை மகன் என்று மடியில் வையுங்கள் என்று உங்களிடம் யார் வந்து சொல்வது? அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் சுலபமானதை முடிப்போம் என்று நினைத்தேன். சுலபமானது என்று நான் நினைத்தது, டங்கனிடம் பேரை விடச்சொல்லுவது.

வீட்டில் வைத்துப் பேசினால் அக்கம்பக்கத்துக் காதெல்லாம் நம் சுவரில்தான் இருக்கும் என்பதால் குரங்கணி மலைக்குக் கூட்டிப்போனேன். தமிழினியும் வந்தாள், பேச்சை இங்கிருந்து அங்கும் அங்கிருந்து இங்கும் மாற்ற அவள் வேண்டுமே. சந்திரவல்லி ஒரு தூக்குவாளி நிறையப் பணியாரம் கொடுத்துவிட்டாள். வாடகைக்கு ஓட்டும் பாண்டியராஜுடைய ஜீப்பு. டங்கனுடைய முழங்கால் இரண்டும் அவர் காதுக்குப் பக்கத்தில் இருந்தன. ஒவ்வொரு பள்ளத்திலும் அவர் தலை மேல்கம்பியைத் தொட்டுவிட்டு வரும், அவரும் கம்பியிடம் மன்னிப்புக் கேட்பதுபோல் ஏதோ சொல்வார். குரங்கணியைத் தாண்டி மேலே போகையில் பனி இறங்கிவிட்டது. பட்டப்பகலில் ஜீப்பின் மூக்கு தெரியவில்லை. "அண்ணே, ரோடு எங்க இருக்குன்னு எனக்கே தெரியல, கொஞ்சம் பொறுப்போம்" என்று பாண்டியராஜ் ஓரங்கட்டினான். நாங்கள் இறங்கி ஒரு பாறையில் உட்கார்ந்தோம். நான் எடுத்தவுடன் விஷயத்துக்குப் போகக்கூடாதே என்று, "தம்பி, பேருன்னா என்ன?" என்று ஆரம்பித்தேன். அதற்கு அடுத்ததாக, பேரில் என்ன இருக்கிறது, இன்றைக்கு ஒன்று நாளைக்கு ஒன்று என்று போவதாகத்தான் திட்டம். ஆனால் தமிழினி அந்த முதல் வரியையே கேள்வியாக மாற்றிச் சொல்லிவிட்டாள். அவரும் கேள்வி என்றே எடுத்துக்கொண்டார். சுற்றிலும் பனியை ஒருமுறை பார்த்துவிட்டு, பதில் சொல்ல ஆரம்பித்தார். மச்சான், பணியாரம் ஆறிப்போனது.

அவர் சொன்னதை எனக்குப் புரிந்த மட்டும் எழுதுகிறேன். அவர்கள் நாட்டுக்கு ஸ்காட்லாந்து என்று பேர். அதில் மேற்கே மலைநாடு. நம் மலை மாதிரியே பள்ளமும் ஓடையும் பனியும், ஏலக்காய் மட்டும் கிடையாது. அந்தப் பள்ளத்தாக்குகளில் கிரெகர் என்று ஒரு பாட்டன் இருந்திருக்கிறார். விழித்திருப்பவன் என்று அந்தப் பேருக்கு அர்த்தமாம். 'மக்' என்றால் மகன். கிரெகரின் மக்கள் எல்லோரும் மக்ரெகர். கேட்டீர்களா மச்சான், அது பேர் இல்லை, வகையறாவேதான். அன்றைக்கு அந்தப் பையன் உங்களுக்குச் சரியான பதிலைத்தான் இரண்டு தடவை எழுந்து நின்று சொல்லியிருக்கிறார். நாம்தான் திக்குத்தெசை இல்லாதவன் என்றோம். அவர்களுக்குத் தலைக்கட்டு உண்டு, நாட்டாமை உண்டு, பங்காளிச் சண்டை உண்டு, நிலத்தை ஏமாற்றிப் பிடுங்கிக்கொண்ட பக்கத்து வகையறா உண்டு. நம்மில் இல்லாதது அவர்களில் ஒன்றும் இல்லை, ஆம்பிளைகள் விசேஷத்துக்குப் பாவாடை கட்டுவதைத் தவிர.

நிலம் போனதும் அவர்களும் சும்மா இருக்கவில்லை, மாட்டை ஓட்டிக்கொண்டு போவது, வெட்டுக்குத்து என்று பேரைக் கெடுத்துக்கொண்டார்கள். ஒரு பெரிய சண்டையில் எதிர் வகையறாவில் நிறையப் பேரைச் சாய்த்துவிட்டார்கள். செய்தி ராஜாவுக்குப் போனது. ராஜா அப்போது இங்கிலாந்துக்கும் சேர்த்துப் பட்டம் சூட்டிக்கொள்ள லண்டனுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார். ஆயிரத்து அறுநூற்று மூன்றாம் வருஷம். வெளியூர் கிளம்புகிறவன் கேஸ் மூடினோமா, தண்ணீர்க் குழாயை மூடினோமா என்று பார்ப்பதுபோல, போகிற போக்கில் ஒரு உத்தரவு போட்டுவிட்டுப் போகிறார். என்ன உத்தரவு தெரியுமா? மக்ரெகர் என்ற பேர் இனி கிடையாது. ஆளை அல்ல மச்சான், பேரை. அந்தப் பேரைச் சொல்லிக்கொண்டால் சாவு. பேரை விட்டுவிட்டு டிரம்மண்ட், மர்ரி, கிரான்ட் என்று வேறொரு வகையறாப் பேரை வைத்துக்கொண்டால் உயிர் மிச்சம். பிற்பாடு இன்னும் சட்டம் போட்டார்கள். நாலு பேருக்கு மேல் சேர்ந்து நிற்கக்கூடாது. சாப்பாட்டை நறுக்க ஒரு கத்தி வைத்துக்கொள்ளலாம், அதற்கும் நுனி இருக்கக்கூடாது. பிறக்கிற ஆண்பிள்ளைக்கு கிரெகர் என்று பேர் வைக்கக்கூடாது. காட்டுக்குள் ஒளிந்தவர்களை மோப்ப நாயை விட்டுத் தேடியிருக்கிறார்கள். மலைப்பனிக்குள்ளேயே கிடந்து தப்பித்ததால் அவர்களுக்குப் பனியின் பிள்ளைகள் என்றே ஒரு பேர் வந்துவிட்டதாம். இதைச் சொல்லும்போது எங்களைச் சுற்றி அந்தப் பனி நின்றுகொண்டிருக்கிறது. பத்தடி தள்ளி நிற்கும் ஜீப்பு தெரியவில்லை. ஓடைச் சத்தம் மட்டும் கேட்கிறது. எங்கேயாவது நாய் குரைக்கிறதா என்று நானே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன்.

ஒரு வருஷம் இரண்டு வருஷம் இல்லை. நடுவில் ஒரு ராஜா தளர்த்த, இன்னொரு ராஜா வந்து மறுபடி இறுக்க, ஆயிரத்து எழுநூற்று எழுபத்து நாலில்தான் சட்டம் அடியோடு எடுக்கப்பட்டது. அதற்குள் எத்தனை தலைமுறை பிறந்து செத்திருக்கும். வெளியே டிரம்மண்ட் என்று சொல்லிக்கொண்டு, வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பிள்ளையிடம், நாம் மக்ரெகர் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பிள்ளை வளர்ந்து தன் பிள்ளைக்கு. சிலர் கடல் தாண்டி அயர்லாந்துக்கு ஓடினார்கள், சிலர் அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் கப்பலேறினார்கள். டங்கன் வீட்டார் கனடாவுக்குப் போய் மரம் வெட்டினார்களாம், அங்கிருந்து ஒரு தாத்தா கப்பல் கட்டும் வேலைக்காகத் திரும்ப கிளாஸ்கோவுக்கே வந்து சேர்ந்தாராம். உத்தரவு நீங்கிய பிறகு நிறையப் பேர் பழைய பேரையே திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக்கொண்டால் என்ன லாபம்? ஒரு லாபமும் கிடையாது. நிலம் திரும்பி வரவில்லை. வெறும் பேர். நான் முப்பது வருஷம் ஏலக்காய்க் கடையில் தரம் பிரித்தவன், சல்லடையில் எது நிற்கும் எது விழும் என்று பார்த்துப் பார்த்தே கண் போனவன். இத்தனை ராஜாக்கள் பிடித்து ஆட்டியும் விழாமல் நின்ற ஒன்றை நான் பார்த்ததில்லை. அதைச் சொல்லி முடிக்கும்போது அந்தப் பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குந்தான். பாண்டியராஜ் ஜீப்புக்குள் உட்கார்ந்துகொண்டு மூக்கைச் சிந்தினான், பனி ஒத்துக்கொள்ளவில்லையாம்.

பிறகு அவர் மரியாதைக்காக, தமிழினி வாயிலாக, "உங்க தாத்தாவோட அப்பா பேரு என்ன மாமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. நம்முடைய ஆள்களும் எங்கேயோ தெற்கேயிருந்து பிடிமண் எடுத்துக்கொண்டு வந்து சிலமலையில் கருப்பசாமியை வைத்தவர்கள்தான். எங்கேயிருந்து, எந்த வருஷம், யார் விரட்டி வந்தோம் என்று கேட்டால் அதுவும் எனக்குத் தெரியாது. எந்த ராஜாவும் நம் பேரைச் சொல்லக்கூடாது என்று சட்டம் போடவில்லை. நாமாகவே மறந்துவிட்டோம். வெட்கமாக இருந்தது. இந்த லட்சணத்தில் நான் அவரிடம் போய், பேரை எல்லையில் விட்டுவிட்டு வாருங்கள் என்று எப்படிச் சொல்வது? ராஜா போட்ட உத்தரவும் அதுதானே. வாயைத் திறந்தேன், "பணியாரம் சாப்பிடுங்க" என்றுதான் வந்தது.

திரும்பி வந்த பிறகு நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். டீக்கடையில் சொல்லிவிட்டேன். சாயங்காலத்துக்குள் போடி முழுக்கப் பரவிவிட்டது, பரவும்போது நானூறு வருஷம் எங்கேயோ வழியில் கொட்டிப்போய்விட்டது. ஏலக்காய் பொறுக்கும் ராமுத்தாய் வீட்டுக்கே வந்து, டங்கனின் கன்னத்தைத் தடவி, "ராசா வெரட்டிவிட்ட பிள்ளையாமுல்ல, கண்ணத் தொடச்சுக்க அப்பு, இங்க ஒரு பய வரமாட்டான்" என்று ஒரு பொட்டலம் ஏலக்காயைக் கையில் திணித்துவிட்டுப் போனாள். தேவாரத்திலிருந்து என்னைப் பார்க்க வந்த ஒருவர், கேஸ் இப்போது எந்தக் கோர்ட்டில் நடக்கிறது, நல்ல வக்கீலாக வைத்திருக்கிறார்களா என்று விசாரித்தார். டங்கனும் எல்லோருக்கும் கும்பிடு போட்டு, தமக்குத் தெரிந்த ஒரே தமிழ் வார்த்தையான "போதும்" என்பதைச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த வார்த்தைக்கு நம் வீட்டில் மதிப்பில்லை என்பதை இதற்குள் தெரிந்துகொண்டிருப்பார்.

எனக்கு வேறு ஒரு பயம் பிடித்துக்கொண்டது. டங்கனுடைய அத்தை ஒருத்தி டிரம்மண்ட் ஒருவரைக் கட்டியிருக்கிறாளாம். அந்த டிரம்மண்ட் நிஜ டிரம்மண்டா, அல்லது பேரை மாற்றிக்கொண்ட மக்ரெகரா? மாற்றிக்கொண்டவர் என்றால் பங்காளி முறை ஆகிறதே, அண்ணன் தங்கை ஆகிறதே. டங்கனிடம் கேட்டேன். இதுவரை தங்கள் நாட்டில் யாரும் இதைப் பற்றி யோசித்ததே இல்லை என்றார். அந்த நாட்டை நினைத்து எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. சோலையிடம் ஓடினேன். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "பேர மாத்தச் சொன்னது ராசா. அதனால வர்ற முறைகேடு பூராவும் ராசா தலையிலதான் விடியும். அவங்க மேல வராது" என்று தீர்ப்புச் சொன்னார். என் நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது.

அடுத்தது சாமி. மக்ரெகர்களுக்கு அடையாளமாக ஒரு மரம் உண்டு, ஊசி இலை மரம், அந்தக் காலத்தில் சண்டைக்குப் போகும்போது அதன் கொப்பைத் தொப்பியில் செருகிக்கொண்டு போவார்களாம். மரம் இருந்தால் சாமி அதன் அடியில்தானே இருக்கும் என்று சோலையும் ஒத்துக்கொண்டார். உடனே நான் நர்சரிக்குப் போய் ஊசி இலையாகப் பார்த்து ஒரு கொப்பு ஒடித்து வாங்கி, கருப்பசாமியின் வேலில் கட்டி, மாலை போட்டு, டங்கனைக் கூட்டிப்போய்க் காட்டினேன். அவர் தமிழினியிடம் மெதுவாக ஏதோ சொன்னார். அவள் என்னிடம், "அப்பா, இது சவுக்கு" என்றாள். ஆனாலும் அந்தப் பையன் செருப்பைக் கழற்றிவிட்டு, சவுக்குக் கொப்பையே கையெடுத்துக் கும்பிட்டார் மச்சான். நான் அவரை நிமிர்ந்து பார்க்கவே கூசினேன்.

சரி, இனி விஷயத்துக்கு வருகிறேன். சோலையிடம் போய், டங்கனைப் பேரை விடச்சொல்ல என்னால் முடியாது, நீங்கள் பார்த்து ஏதாவது செய்யுங்கள் என்றேன். "என்னால ஆகாதுண்ணே. மடி குடுக்குறவரு சொல்லணும். பேரோட வரட்டும்னு அவரு சொன்னா சாமி தடுக்காது. அவரு சொல்லலன்னா நான் பானைய அடுப்புல வைக்கமாட்டேன்" என்று முடித்துவிட்டார். வரும் வெள்ளிக்கிழமை கோயிலில் கல்யாணப் பொங்கல். தமிழினிக்கு லீவு அதோடு முடிகிறது. நீங்கள் வராவிட்டால் கோயிலும் இல்லை, பானையும் இல்லை. அவள் திரும்பிப்போய் அங்கே ஏதோ ஆபீசில் கையெழுத்துப் போட்டுக் கல்யாணம் செய்துகொள்வாள். அதற்குப் பிறகு இந்த வீட்டுக்கு எந்த முகத்தோடு வருவாள்? உங்கள் தங்கை இப்போதே பேசுவதைக் குறைத்துவிட்டாள், அதிலிருந்தே நிலவரம் உங்களுக்குத் தெரியும்.

ஆகவே மச்சான், நான் காலில் விழுந்து கேட்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். வாருங்கள். மடி கொடுங்கள். கொடுக்கும்போது பேரைக் கேட்காதீர்கள். உங்கள் மகன் இடத்தில் எவனோ ஒருத்தனை வைக்கச் சொல்லவில்லை. ராஜாவே சாகச் சொன்னபோதும் பேரை விடாத வகையறா. அப்படிப்பட்ட ரத்தம் ஒன்று உலகத்தின் அந்தக் கோடியிலிருந்து நம் வீட்டு வாசலுக்கு வந்து, நிலைப்படியில் இடித்துக்கொண்டு நிற்கிறது. நம் வகையறாவுக்கு இது பெருமை இல்லையா? நீங்கள் கேட்ட கேள்விக்கு இதுவே என் பதில்.

ஜோதி அக்காவுக்கு என் வணக்கம். சந்திரவல்லி மாங்காய் ஊறுகாய் கொடுத்தனுப்பியிருக்கிறாள், கோபமாக இருந்தாலும் அதைத் திருப்பி அனுப்பவேண்டாம் என்று சொல்லச் சொன்னாள். காடு கரை செழித்து, காய் நல்ல விலைக்குப் போய், நீங்கள் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட மாப்பிள்ளை,
பால்சாமி.

பின்குறிப்பு: கடிதத்தை உறையில் போடுமுன், பிழை இருந்தால் பார்க்கட்டும் என்று தமிழினியிடம் கொடுத்தேன். முதலில் சிரித்துக்கொண்டே படித்தாள். கடைசிப் பக்கம் வந்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள். "அப்பா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்கிறாதீங்க. டங்கன் அவங்க பெத்த பிள்ள இல்ல. ரெண்டு வயசுல ஒரு காப்பகத்துலருந்து எடுத்துட்டுப் போய் வளத்திருக்காங்க. பெத்தவங்க யாருன்னு அவருக்கே தெரியாது" என்றாள். "ஏன் ஆத்தா முன்னமே சொல்லல?" என்றேன். "நீங்க எங்க கேட்டீங்க? ஊரக் கேட்டீங்க, சாமியக் கேட்டீங்க, மரத்தக் கேட்டீங்க. அவரு குரங்கணியிலயே சொல்ல வந்தாரு. நீங்க வாயில பணியாரத்த வச்சு அடச்சீங்க" என்றாள்.

ஆக மச்சான், மேலே நான் எழுதிய ராஜா, நாய், பனி எதுவும் அந்தப் பையன் ரத்தத்தில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. நீங்கள் அன்றைக்குச் சொன்னதுதான் சரி. கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்று கையில் எடுத்தேன். அதற்கு முன் மொட்டைமாடியில் நின்றுகொண்டிருந்த அவரிடமே போய், "உங்களுதே இல்லாத பேருக்கா தம்பி அன்னைக்குக் கண்ணக் கசக்குனீங்க?" என்று கேட்டும்விட்டேன். அவர் சொன்னார், தமிழினி மாற்றிச் சொன்னாள்: "கோர்ட்டுல இவர மகனா எழுதிக்குடுத்த அன்னைக்கு, அவங்கப்பா இவரத் தூக்கி மடியில வச்சுக்கிட்டு, இந்தப் பேரச் சொன்னா கொன்னுருவாங்கன்னு ஒரு காலம் இருந்துச்சு, அப்பவும் நாங்க விடல, இனிமே இது உனக்குன்னு சொன்னாராம். ரெண்டு வயசுல என்ன வெளங்கும். அதனால வருஷா வருஷம் அந்தத் தேதி வந்தா மறுபடி சொல்வாராம். போன வருஷங்கூடச் சொன்னாராம்."

கடிதத்தைக் கிழிக்கவில்லை மச்சான். அப்படியே அனுப்புகிறேன். வெள்ளிக்கிழமை எல்லையில் வைத்து, இது யார் மகன் என்று சோலை கேட்பார். அந்தக் கேள்விக்கு, பெற்றவர்கள் யாரென்றே தெரியாமல், பதில் சொல்ல ஆள் இல்லாமல் நின்ற பிள்ளை அது. எங்கிருந்தோ ஒருத்தர் வந்து, என் மகன் என்றார். இப்போது இன்னொருத்தர் சொல்லவேண்டும். எனக்குச் சொல்ல ஆசைதான், ஆனால் பெண்ணைப் பெற்றவன் சொன்னால் முறை கெட்டுப்போகும். சொல்ல முறை உள்ளவர் இந்த உலகத்தில் நீங்கள் ஒருத்தர்தான்.